கடிதம் வரும் இடம்

குருவிக்கல் தோட்டம்,
மேல் டிவிசன்,
மஸ்கெலியா.
2024 மார்ச் 10

அன்புள்ள கேதீஸ்வரி அம்மாவுக்கு,

வணக்கம். என் பெயர் செல்லசாமி. வயது அறுபத்தெட்டு. தேயிலை பெக்டரியில் ரோலர் மிஷின் பக்கத்தில் முப்பத்தாறு வருடம் நின்றவன். இது என் கையால் நான் எழுதும் முதல் கடிதம். கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் முதியோர் வகுப்புக்கு இரண்டு வருடமாகப் போகிறேன். இந்தக் கடிதத்துக்கு நாலு பகல் எடுத்தது. பிழை இருந்தால் சிரித்துவிட்டு மேலே வாசியுங்கள்.

போன மாதம் ஹட்டனிலிருந்து ஒரு சங்கத்துப் பிள்ளைகள் வந்தார்கள். மண்சரிவு வரும் முன்னே போனில் மணி அடிக்கும் ‘மழைக்காவல்’ என்ற ஒன்றை எங்கள் ஆட்களின் போன்களில் போட்டார்கள். பெயர் பதிவதற்குள் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. “இந்தப் புத்தகத்தப் பாத்து மிச்சத்த நீங்களே போட்டுக்கங்க” என்று சொல்லி ஓடிவிட்டார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், இளவட்டங்கள் கொழும்பில், மற்றவர்கள் மலையில் கொழுந்தெடுக்க. நீளக் கூரையின் கீழ் வரிசையாக அறைகள் கட்டிய எங்கள் ஆறாம் லயத்திலும் ஏழாம் லயத்திலும் அன்று புத்தகம் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். என் சந்தோசத்தை நீங்கள் நினைத்துப் பாருங்கள். இருபத்திரண்டு குடும்பம், குடும்பத்துக்கு ஓர் அறை, காம்பரா என்போம். ஒவ்வொரு காம்பராவாகப் போய் வாசலில் உட்கார்ந்து, வாசித்து வாசித்துப் பதிந்து கொடுத்தேன். ஐந்து நாள் போனது. இப்போது என்னை வாத்தியார் என்று கூப்பிடுகிறார்கள். கேலிதான். ஆனாலும் கேட்க நன்றாக இருக்கிறது.

கடைசிப் பக்கத்தில், பிழை கண்டால் யாரும் எழுதலாம் என்று உங்கள் பெயரும் விலாசமும் போட்டிருந்தீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நாலாம் பக்கத்தில் ‘பற்சக்கரப் படத்தை அழுத்தவும்’ என்று இருக்கிறது. ஆறாம் லயத்து வேலாயி அந்தப் படத்தைப் பார்த்து, “இது சூரியகாந்திப் பூவுல்ல?” என்றாள். வேலாயி வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள். இப்போது பெயரெழுதக் கற்றுவிட்டாள். அது சக்கரம் என்று எனக்கு மட்டும் தெரிந்தது, ஏனென்றால் ரோலர் மிஷினில் அப்படி ஒரு சக்கரத்துக்குத் தினமும் எண்ணெய் விட்டவன் நான். ‘பூ மாதிரி இருக்கும்’ என்று ஒரு சொல் சேர்த்தால் எல்லோருக்கும் விளங்கும்.

இன்னொன்று. இரண்டாம் பக்கத்தில் ‘உங்களுக்குக் கடிதம் வரும் முகவரியை இடவும்’ என்று இருக்கிறது. எங்கள் காம்பராக்களுக்குத் தனி விலாசம் இல்லை. எல்லோருக்கும் கடிதம் தோட்டத்து ஆபிசுக்குத்தான் வரும். அதனால் இருபத்திரண்டு குடும்பத்துக்கும் ஆபிஸ் விலாசத்தையே போட்டேன். நான் செய்தது சரிதானா?

இப்படிக்கு, நேரம் போனது தெரியாமல் எழுதிய
செல்லசாமி


கொக்குவில்,
யாழ்ப்பாணம்.
2024 மார்ச் 25

மதிப்புக்குரிய செல்லசாமி ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பாடசாலையிலிருந்து வந்து நின்ற நிலையிலேயே வாசித்து முடித்தேன். நான் கணித ஆசிரியை. மழைக்காவலுக்கு முதலாளி என்று யாரும் இல்லை. பல நாடுகளில் இருப்பவர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் சேர்ந்து எழுதிய மென்பொருள் அது. எவரும் இலவசமாகப் பாவிக்கலாம், எவரும் திருத்தலாம். அதன் தமிழ்க் கையேடு என் பொறுப்பு.

கடைசிப் பக்கத்தில் என் வீட்டு முகவரியைப் போட்டபோது எங்கள் குழுவில் சிரித்தார்கள். “இந்தக் காலத்தில ஆர் உமக்குக் கடிதம் எழுதப் போறாங்கள்?” என்று ஒருவர் கேட்டார். இரண்டு வருடமாக ஒருவரும் எழுதவில்லை. இன்று உங்கள் கடிதத்தைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறேன்.

‘பூ மாதிரி இருக்கும்’ என்பதை இணையத்தில் உள்ள கையேட்டில் அப்படியே சேர்த்துவிட்டேன். கையேட்டை எழுதியவர்கள் பட்டியலில் உங்கள் பெயரும் சேர்ந்துவிட்டது. பதினேழாவது பெயர்.

முகவரி விஷயத்தில் நீங்கள் செய்தது சரிதான், ஐயா. கையேட்டில் உள்ளபடியே செய்திருக்கிறீர்கள். உங்களைப் போல ஒவ்வொரு வரியாக வாசிப்பவர்கள் எங்களுக்கு அபூர்வம். தொடர்ந்து எழுதுங்கள்.

மிகுந்த மகிழ்ச்சியோடு,
கேதீஸ்வரி


மேல் டிவிசன்
2024 ஏப்ரல் 21

அன்புள்ள கேதீஸ்வரி அம்மாவுக்கு,

என் பெயரைப் பார்த்துவிட்டேன். வேலாயியின் மகள் ஷாமிலா ஹட்டனில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். வருசப் பிறப்புக்கு வந்தபோது அவள் போனில் எடுத்துக் காட்டினாள். எத்தனையோ நாட்டுப் பெயர்களுக்குக் கீழே ‘செல்லசாமி, மஸ்கெலியா’. இந்தப் பெயரை நான் முதலில் சிலேட்டில் எழுதியபோது ‘ல்’ விழுந்துபோனது. அதைச் சொல்லிச் சொல்லி எல்லோரிடமும் காட்டினேன். “பேரு வந்துருச்சு. இனி இந்த மனுசனப் பிடிக்க ஏலாது. நாளைக்குக் கங்காணி மாதிரி நம்மளயெல்லாம் பெரட்டுக்கு நிக்க வச்சு பேர் கூப்புடுவாரு” என்றாள் வேலாயி. லயமே சிரித்தது.

வேலாயி உங்களிடம் ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள். எங்கள் லயத்துக்குப் பின்னால் மலை ஊற்றிலிருந்து தகர வாய் வழியே பீலித் தண்ணீர் விழும். அதில்தான் குடிப்பதும் குளிப்பதும். மலை அசைவதற்கு முன் அந்தத் தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கும் என்று அவள் அப்பா சொல்லியிருக்கிறார். “பீலித் தண்ணி கலங்குனா அந்தப் போனு சொல்லுமா, வாத்தியாரே? கேட்டு எழுதுங்க” என்றாள். எழுதிவிட்டேன்.

உங்கள் கடிதம் கையில் கிடைக்க நாளானது. ஆபிஸ் கீழ் டிவிசனில், ஆற்றுக்கு அந்தப் பக்கம். நடந்தால் ஒன்றரை மணித்தியாலம். அங்கே பந்து விளையாடுகிற மைதானம் மாதிரித் தரை. மலையே பக்கத்தில் இல்லை. எங்கள் லயம் சரிவின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிளாக்கர் ஐயா கடிதங்களை மேசையில் சேர்த்து வைத்து, மேலே வரும் கங்காணி கையில் கொடுத்து விடுவார். கங்காணிக்கு ஞாபகம் வந்தால் கிடைக்கும். அதனால் என் பதில் பிந்தினால் கோபிக்க வேண்டாம்.

உங்கள் பதினேழாம் ஆள்,
செல்லசாமி


கொக்குவில்
2024 மே 2

மதிப்புக்குரிய ஐயா,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பந்தியை மூன்று தரம் வாசித்தேன். உடனே ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

நீங்கள் இடுகிற முகவரியை வைத்துத்தான், உங்கள் வீடு எந்தச் சரிவின் கீழ் இருக்கிறது என்று மழைக்காவல் கணக்கிடுகிறது. ஆபிஸ் முகவரியைப் போட்டால், இருபத்திரண்டு குடும்பமும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மைதானத்தில் குடியிருப்பதாக அது எடுத்துக்கொள்ளும். உங்கள் மலையில் ஆபத்து என்றாலும் உங்கள் போன்களில் மணி அடிக்காது.

பிழை உங்களுடையது அல்ல. எங்கள் ஊரில் கடிதம் வரும் இடமும் குடியிருக்கும் இடமும் ஒன்றுதான். வேறாக இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீங்கள் எழுதிக் கேட்டபோதும் தோன்றவில்லை. இணையத்தில் அந்த வரியை இன்றே மாற்றிவிட்டேன். மென்பொருளை எழுதுபவர்களுக்கும் அறிவித்திருக்கிறேன். அடுத்த பதிப்பில் பார்ப்பதாகச் சொல்கிறார்கள்.

பற்சக்கரப் படத்தை அழுத்தி, ‘முகவரி’ என்பதைத் திறந்து, ‘நான் நிற்கும் இடம்’ என்பதை அழுத்துங்கள். அவரவர் வாசலில் நின்று அழுத்த வேண்டும். தயவுசெய்து எல்லாக் குடும்பத்துக்கும் செய்துவிடுங்கள்.

வேலாயி அம்மாவின் கேள்விக்கு: இல்லை, பீலித் தண்ணீரைப் பற்றி மழைக்காவலுக்குத் தெரியாது. அவர் கேட்டது நல்ல கேள்வி. குறித்து வைத்திருக்கிறேன்.

அவசரத்தோடு,
கேதீஸ்வரி


மேல் டிவிசன்
2024 மே 23

கேதீஸ்வரி அம்மாவுக்கு,

உங்கள் மே 2ஆம் திகதிக் கடிதம் 19ஆம் திகதி என் கைக்கு வந்தது. உறையில் மஸ்கெலியா தபால் முத்திரை மே 6. எண்களை வாசிக்க எனக்கு இப்போது நன்றாக வருகிறது. ஆறாம் திகதியிலிருந்து ஆபிஸ் மேசையில் இருந்திருக்கிறது.

மலை 15ஆம் திகதி விழுந்தது. புதன்கிழமை, பின்னேரம் மூன்று மணி. ஆறாம் லயத்தில் மூன்று காம்பரா போனது. அந்தக் காம்பரா ஆட்கள் கொழுந்தெடுக்கப் போயிருந்தார்கள். வேலாயி மட்டும் உள்ளே இருந்தாள்.

நடந்ததை எழுதுகிறேன். அன்று பகல் பீலித் தண்ணீர் கலங்கியது. கண்டவர்கள் சொன்னார்கள். முன்பென்றால் எல்லோரும் அந்த நேரமே பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்போம். லயத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் போனார்கள். பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நான் வேலாயியின் வாசலில் நின்று, “வா, போயிருவோம்” என்றேன்.

“போனு அடிக்கலயே. நீங்கதான வாசிச்சுப் போட்டீங்க? அடிச்சா வாறேன். முட்டி வலியோட இந்தச் சேத்துல நான் எங்க போறது? போங்க, வாத்தியாரே, நீங்க மொதல்ல போங்க.”

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. ‘மணி அடித்ததும் வெளியேறவும்’ என்று ஒவ்வொரு வாசலிலும் வாசித்துக் காட்டியவன் நான். ஏழாம் லயத்தில் கைப்பிள்ளைக்காரி ஒருத்தி இருந்தாள். அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரலாம் என்று போனேன். அரை மணித்தியாலம். திரும்பி வந்தபோது பாதை இல்லை.

அங்கே நின்று போனை எடுத்துப் பார்த்தேன். மழைக்காவல் பச்சை, ஆபத்து இல்லை என்று காட்டியது. ஆபிஸ் இருக்கிற இடத்துக்கு அது பச்சைதான்.

நான் எழுதிக் கேட்டேன். நீங்கள் சரி என்று எழுதினீர்கள். அந்தக் கடிதத்தை எத்தனை பேருக்கு வாசித்துக் காட்டினேன் என்று உங்களுக்குத் தெரியாது.

இதைக் கோபத்தில் எழுதவில்லை. கோபம் என்றால் எளிது. வாசிக்கத் தெரியாமல் இருந்த காலத்தில் நான் சொல்லி யாரும் வீட்டில் இருந்ததில்லை.

இனிமேல் எழுத மாட்டேன். புத்தகத்தைப் பெட்டியில் வைத்துவிட்டேன். மற்றத் தோட்டங்களிலும் இதே புத்தகம் இருக்கும். அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

செல்லசாமி


கொக்குவில்
2024 ஜூன் 4

ஐயா,

எழுத வேண்டாம் என்று நீங்கள் சொல்லவில்லை, எழுத மாட்டேன் என்றுதான் சொன்னீர்கள். அதனால் எழுதுகிறேன். இதை ஷாமிலா வேலை செய்யும் கடைக்கு அனுப்புகிறேன். ஹட்டனில் துணிக்கடைகளாக அழைத்து விசாரித்து, ஐந்தாவது கடையில் அவரைக் கண்டுபிடித்தேன். அரை மணித்தியாலத்தில் முடிந்தது. மே 2ஆம் திகதியும் இதே அரை மணித்தியாலம் என்னிடம் இருந்தது.

அன்று நான் செய்ததைச் சொல்கிறேன். வரியைத் திருத்தினேன். குழுவுக்கு அறிவித்தேன். கடிதம் எழுதித் தபாலில் போட்டேன். பிறகு பரீட்சைத் தாள் திருத்த உட்கார்ந்துவிட்டேன். ஒரு வாக்கியத்தில் பிழை, அதைத் திருத்தியாயிற்று என்று நினைத்தேன். உங்கள் கடிதத்தில் ஆபிசின் மேசை, கங்காணியின் ஞாபகம் எல்லாம் எழுதியிருந்தீர்கள். அதை வாசித்துவிட்டு, அதே மேசைக்கு என் கடிதத்தை அனுப்பினேன்.

நீங்கள் வாசித்தது என் வாக்கியத்தை. வேலாயி அம்மா நம்பியதும் அதைத்தான். உங்கள் குரலில் கேட்டார், அவ்வளவுதான். அதை நீங்கள் சுமக்கக் கூடாது.

ஷாமிலா தொலைபேசியில், “அம்மாவுக்கு உங்க பேரு தெரியும், மிஸ்” என்று மட்டும் சொன்னார்.

கையேட்டிலிருந்து என் பெயரையும் முகவரியையும் எடுத்துவிட்டேன். பொறுப்பை வேறொருவர் ஏற்பார். முகவரிப் பக்கத்தை மட்டும் திருத்தி முடித்துவிட்டுப் போக நினைத்தேன். நாலு தரம் எழுதிப் பார்த்தேன். லயத்தைக் காணாத நான் அதை எப்படி எழுதினாலும் இன்னொரு பிழை வரும் என்று பயமாக இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் திருத்திய பக்கம் தோட்டங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். இருபத்தாறு தோட்டங்களில் இந்தக் கையேடு இருப்பதாகச் சங்கத்தார் சொன்னார்கள். போனில் அழைத்துத் தங்கள் ஆட்களை எச்சரித்திருக்கிறார்கள். ஆனால் அச்சடித்த புத்தகம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கேட்கும் உரிமை எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன். அந்தப் பக்கத்தை நீங்கள் எழுதித் தருவீர்களா?

கேதீஸ்வரி


மேல் டிவிசன்
2024 ஜூலை 14

மகள் கேதீஸ்வரிக்கு,

உங்கள் கடிதத்தை ஷாமிலா கொண்டுவந்து தந்து மூன்று கிழமை பிரிக்காமல் வைத்திருந்தேன். போனில் கூப்பிடட்டுமா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு படிவத்தோடு வந்தாள். உயிர்ச்சேதத்துக்கு அரசாங்கத்தில் கொடுக்கும் படிவம். அவள் நன்றாகப் படித்தவள். என்னிடம் கொண்டுவர வேண்டியதே இல்லை.

“வாசிங்க, மாமா.”

“நான் இப்ப வாசிக்கிறதில்ல. கிளாக்கர்கிட்ட குடு.”

“கிளாக்கர்கிட்டயா? அந்த மேசைலயா வைக்கச் சொல்றீங்க? அம்மா உங்ககிட்டதான கேட்டாங்க, எனக்கும் நீங்கதான் வாசிக்கணும். தப்பா வாசிச்சா நான் சொல்றேன்.”

வாசித்தேன். முதல் கேள்வி பெயர். இரண்டாம் கேள்வி இறந்தவரின் முகவரி. அந்த இடத்தில் நின்றுவிட்டேன். அவள் பேனாவை என் கையிலேயே தந்தாள். மேல் டிவிசன், ஆறாம் லயம், மூன்றாம் காம்பரா என்று எழுதினேன். கோட்டுக்கு வெளியே போய்விட்டது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கே உங்கள் கடிதத்தையும் பிரித்தேன்.

உங்கள் பெயரையும் விலாசத்தையும் திரும்பப் போடுங்கள். அது அங்கே இருந்ததால்தான் நான் கேட்டேன். நீங்கள் தப்பாகப் பதில் சொன்னீர்கள், உண்மை. விலாசமே இல்லாதிருந்தால் நான் கேட்டிருக்கவே மாட்டேன், மழைக்காவலின் கணக்கில் ஆபிஸ் மைதானத்திலேயே இன்னும் குடியிருப்போம். பெயர் இல்லாத புத்தகத்தில் பிழை இருந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? நீங்கள் போகக் கூடாது. நானும் போகவில்லை.

பக்கத்தை எழுதியிருக்கிறேன். எழுதும் முன் இங்கே செய்து பார்த்தேன். மிச்சமிருக்கும் பத்தொன்பது குடும்பத்தின் வாசலிலும் நின்று அழுத்தினேன். லயத்துக்குள் நின்றால் தகரக் கூரையின் கீழ் போனுக்கு இடம் பிடிபடவில்லை. பீலிப் பக்கம் போனால் பிடிபட்டது, ஆனால் அது வீடில்லை. வாசல்படியிலிருந்து முற்றத்துக்கு நாலு எட்டு வைத்து நின்றால் சரியாக வருகிறது. அதனால் அதையும் எழுதினேன். இனிப் பக்கம்:

‘கடிதம் வரும் இடத்தைப் போட வேண்டாம். நீங்கள் படுத்து உறங்கும் இடத்தைப் போடவும். உங்கள் காம்பரா வாசலில் இருந்து நாலு எட்டு வைத்து, வானம் தெரியும் இடத்தில் நிற்கவும். பூ மாதிரி இருக்கும் படத்தை அழுத்தவும். முகவரியைத் திறந்து, நான் நிற்கும் இடம் என்பதை அழுத்தவும். படத்தில் உங்கள் மலை தெரிகிறதா என்று பார்க்கவும். ஆபிஸ் தெரிந்தால் திரும்பச் செய்யவும். பக்கத்துக் காம்பராக்காரருக்கும் செய்து கொடுக்கவும்.’

முதல் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் மேலே, இன்னும் ஒரு வரி வர வேண்டும்:

‘பீலித் தண்ணீர் கலங்கினால் மணி அடிக்கும் வரை இருக்க வேண்டாம். போய்விடவும்.’

இது என் வரி இல்லை. வேலாயியுடையது.

செல்லசாமி


கொக்குவில்
2024 ஆகஸ்ட் 9

மதிப்புக்குரிய ஐயா,

இரண்டையும் ஓர் எழுத்தும் மாற்றாமல் சேர்த்துவிட்டேன். பீலி என்ற சொல் மற்ற ஊராருக்குத் தெரியாதே என்று குழுவில் கேட்டார்கள். மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், அவர்களுக்காகத்தான் இந்த வரி என்று சொன்னேன். அதோடு விட்டுவிட்டார்கள். மற்ற மொழிக் கையேடுகளிலும் அந்தப் பக்கத்தை இப்போது சேர்க்கிறார்கள். கடிதம் ஓரிடத்திலும் வாழ்க்கை வேறிடத்திலுமாக இருப்பவர்கள் வேறு நாடுகளிலும் இருக்கிறார்களாம்.

என் பெயரைத் திரும்பப் போட்டுவிட்டேன். முகவரியையும்.

புதிய புத்தகம் இருபத்தாறு தோட்டங்களுக்கும் போகிறது. பழையதைக் கையில் வாங்கிக்கொண்டுதான் புதியதைக் கொடுக்க வேண்டும் என்று சங்கத்தாரிடம் சொல்லியிருக்கிறேன். செப்டெம்பர் 7ஆம் திகதி, சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சோதனை மணி அடிப்போம். ஆபத்து அல்ல, சோதனைதான் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உங்கள் மலைக்கு மட்டும் அடிக்கும். ஆபிஸ் பக்கம் அடிக்கக் கூடாது.

பட்டியலில் வேலாயி அம்மாவின் பெயரைச் சேர்க்க விரும்புகிறேன். ஷாமிலாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். பெயரோடு இடமும் போடுவது வழக்கம். என்ன போடட்டும்?

உங்கள் பதிலை எதிர்பார்த்து,
கேதீஸ்வரி


மேல் டிவிசன்
2024 செப்டெம்பர் 8

மகள் கேதீஸ்வரிக்கு,

நேற்றுப் பத்து மணிக்கு எல்லோரும் முற்றத்தில் நின்றோம். முதலில் ஏழாம் லயத்துக் கைப்பிள்ளைக்காரியின் போன் அடித்தது. பிறகு எல்லாம் அடித்தது. நாய்கள் குரைத்தன. சிரித்தவர்களும் இருந்தார்கள். கீழ் டிவிசனில் ஆபிஸ் வாசலில் ஓர் ஆளை நிறுத்தியிருந்தேன். அங்கே அடிக்கவில்லை என்று சொல்லி அனுப்பினான்.

ஷாமிலா ஹட்டனிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். மண்ணுக்குள்ளிருந்து எடுத்த வேலாயியின் போனைக் கழுவித் திருத்தி அவள்தான் வைத்திருக்கிறாள். பத்து மணிக்கு அது அவள் கையில் இருந்தது. அதற்கு நான் இடம் போடவில்லை. காலையில் வந்ததும் அந்த வெற்றிடத்தில், வாசல் இருந்த இடத்திலிருந்து நாலு எட்டு வைத்து நின்று, அவளே போட்டிருக்கிறாள். அதுவும் அடித்தது. நிறுத்தாமல் கொஞ்ச நேரம் அடிக்க விட்டாள்.

“இப்ப அடிக்குது, மாமா” என்றாள்.

பக்கத்தில் போய் நின்றேன்.

புதிய புத்தகத்தை ஒவ்வொரு வாசலிலும் திரும்ப வாசிக்கத் தொடங்கியிருக்கிறேன். இந்தத் தரம் வாசித்து முடித்ததும், சரிதானா என்று அவர்களைக் கேட்கிறேன். ஏழாம் லயத்தில் ஒருவர் இரண்டு பிழை சொன்னார். தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

வேலாயியின் பெயரைப் போடச் சொல்லி ஷாமிலா சம்மதித்தாள். இடம் கேட்டீர்கள். மஸ்கெலியா என்று மட்டும் போட வேண்டாம். ஆபிஸ் பெயரும் வேண்டாம். ‘வேலாயி, ஆறாம் லயம், மூன்றாம் காம்பரா, மேல் டிவிசன்’ என்று போடுங்கள். இப்போது அங்கே புல் முளைத்திருக்கிறது. ஆனாலும் அவள் இருந்தது அங்கேதான்.

செல்லசாமி
ஏழாம் லயம், ஐந்தாம் காம்பரா